அஞ்சுதலின் இலக்கணம்

கிரேக்க மொழியில் அஞ்சுதலைக் குறிக்கும் ‘ஃபொபெயோமாய்’ என்னும் வினை, ஹோமரின் காவியங்களில் உள்ளத்தின் நடுக்கத்தைக் காட்டிலும் போர்க்களத்துப் புறங்காட்டி ஓடுதலையே சுட்டி நின்றது என்பதை, அலெக்சாந்திரியப் பண்டிதரான அரிஸ்தார்க்கஸ் பண்டைக்காலத்திலேயே எடுத்துக்காட்டினார். பகைவரை வெருட்டி ஓட்டுதல் அதன் பிறவினை. வெருண்டு ஓடுதல் அதன் தன்வினை. கால்களின் தொழிலாய் இருந்தது பிற்காலத்தில் மனத்தின் விகாரமாயிற்று. புதிய ஏற்பாட்டிலோ இவ்வினையின் பிறவினை வடிவம் ஓரிடத்தும் வழங்கவில்லை.

அச்சம் என்பது, வரவிருக்கும் கேடொன்றை மனம் பாவித்துக்கொள்வதால் எழும் துன்பம் என்று அரிஸ்டாட்டில் தம் சொல்லாட்சிக் கலை நூலில் வரையறுத்தார். அவ்வாறாயின், நம் சம்மதத்தைக் கேளாமலே நம்மை வந்து பற்றும் ஓர் உணர்ச்சியை, ‘கொள்’ என்றோ ‘விடு’ என்றோ ஏவுவது எங்ஙனம் பொருந்தும்? லூக்காவின் முதல் அதிகாரத்தில் சகரியாவையும் மரியாளையும் நோக்கித் தேவதூதன் அஞ்சவேண்டாமென்று கூறும்போது, இருவர் உள்ளமும் முன்னமே கலங்கிவிட்டது. அங்கு வரும் நிகழ்கால ஏவல், எழுந்துவிட்ட அச்சம் நீடிக்கலாகாது என்னும் கருத்துக்கு இசைந்து நிற்கிறது.

இதனினும் நுட்பமான இடம் மத்தேயுவின் பத்தாம் அதிகாரம். சரீரத்தைக் கொல்வோருக்கு அஞ்சலாகாது, ஆத்துமாவையும் அழிக்க வல்லவருக்கே அஞ்சவேண்டும் என்று இயேசு சீடருக்கு உரைக்குமிடத்தில், முன்னையது நீக்கப்பொருள் தரும் ‘அப்போ’ என்னும் இடைச்சொல்லோடும், பின்னையது நேரே இரண்டாம் வேற்றுமையோடும் வருகின்றன. மனிதரிடமிருந்து ஒதுங்குவது ஓர் அச்சம், இறைவனை நோக்கி நிற்பது மற்றோர் அச்சம் என்று இதனால் தத்துவம் வகுக்க ஆசை எழும். ஆனால் இரண்டு வசனங்களுக்கு முன்னரே மனிதருக்கு அஞ்சுதலும் இரண்டாம் வேற்றுமையிலேயே வந்திருக்கிறது. அச்சப்பொருளில் ஐந்தாம் வேற்றுமையும் இரண்டாம் வேற்றுமையும் பொருள் வேறுபாடின்றி வருமென்று தொல்காப்பியர் தமிழுக்குச் சொன்ன விதியை அறிந்த நமக்கு இது வியப்பன்று.

ஆகவே பேதம் உருபில் இல்லை. அஞ்சப்படுபவரின் வல்லமையைப் பற்றிய நம் நிர்ணயத்தில் இருக்கிறது. கேட்டைப் பாவிப்பதே அச்சத்தின் மூலமென்றால், எது மெய்யான கேடு என்று விவேகத்தோடு துணிவது நம் கையில் உள்ளது. ஏவல் அந்தத் துணிபையே நோக்கிச் செல்கிறது. மேலும், அழிக்க வல்லவரென்று கூறப்பட்ட அவரே, அடுத்த வசனத்தில் சிட்டுக்குருவி ஒன்று தரையில் விழுவதையும் அறிந்திருக்கும் பிதாவாகக் காட்டப்படுகிறார். அதன்பின் அதே வினை மீண்டும் எதிர்மறை ஏவலாய் வருகிறது. அஞ்சத்தக்கவர் யாரென்று தெளிந்தவனுக்கே அஞ்சாமை விதிக்கப்படுகிறது. தெய்வபயம் என்று பக்தர் போற்றுவதும், அபயம் என்று அவர்கள் வேண்டுவதும் இவ்வாறு ஓரிடத்தில் வந்து கூடுகின்றன.