சூரியகாந்தி செய்யாத வேலை

2011 ஆகஸ்டில், கல்லூரி விடுதியில் இருந்தபோது, ஃபேஸ்புக்கில் ஒரு புகைப்படத்தைப் பகிர்ந்தேன். ஃபுகுஷிமாவில் ஒரு வயல் முழுக்கச் சூரியகாந்தி. அணு உலை விபத்தில் மண்ணில் விழுந்த கதிரியக்கச் சீசியத்தைச் செடிகள் உறிஞ்சிவிடும் என்று நம்பி விதைத்திருந்தார்கள். ‘இயற்கை மன்னித்துவிடும்’ என்று எழுதிப் போட்டேன். நிறைய லைக் விழுந்தது.

அடுத்த மாதமே ஜப்பான் வேளாண் அமைச்சகம் சோதனை முடிவை வெளியிட்டது. மண்ணிலிருந்த சீசியத்தில் சூரியகாந்தி எடுத்தது ஏறக்குறைய 2000-ல் 1 பங்கு. சீசியம் களிமண் அடுக்குகளுக்குள் புகுந்து ஒட்டிக்கொள்கிறது, வேருக்குச் சுலபத்தில் அகப்படுவதில்லை. இதை நான் படித்தது பல வருஷம் கழித்துத்தான்.

அதற்காகச் செடியையும் நுண்ணுயிரையும் வைத்து மண்ணைச் சுத்தம் செய்வதே ஏமாற்று வேலை என்று சொல்ல வரவில்லை. 1989-ல் எக்ஸான் வால்டெஸ் கப்பல் கொட்டிய எண்ணெய் அலாஸ்கா கரைகளில் படிந்தபோது, அங்கே உரம் தெளித்தார்கள். ஏற்கெனவே அங்கிருந்த பாக்டீரியாக்கள் பெருகி, எண்ணெயை வேகமாகத் தின்றன. எண்ணெய் மூலக்கூறுகளை உடைக்க முடியும். முழுக்க உடைந்தால் மிஞ்சுவது கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும்தான்.

ஆர்சனிக் அப்படியில்லை. அது தனிமம், எந்த உயிராலும் அதை உடைக்க முடியாது. டெரிஸ் விட்டேட்டா என்று ஒரு பெரணி, நம் ஊர்ப் பழைய சுவர் இடுக்குகளில்கூட முளைக்கும். அது ஆர்சனிக்கை மண்ணிலிருந்து இலைக்கு ஏற்றிக்கொள்கிறது என்று 2001-ல் ஃப்ளோரிடா விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். சரி, மண் தேறும். இலையை என்ன செய்வது? அறுத்து எங்கேயாவது பத்திரமாக வைத்துத்தானே ஆகணும்?

என் வேலையில் டெலீட் என்று ஒரு கட்டளை உண்டு. மண்ணில் விழுந்த உலோகத்துக்கு அது கிடையாது, மூவ் மட்டும்தான். அதனால் ‘எப்படிச் சுத்தம் செய்வது?’ என்பதோடு கேள்வி முடிவதில்லை. ‘எடுத்ததை யார் வாசலில் வைப்பது?’ என்று இன்னொன்று பாக்கி இருக்கிறது.

ஃபுகுஷிமாவில் கடைசியில் மேல்மண்ணைச் சுரண்டித்தான் எடுத்தார்கள். சுமார் 1.4 கோடி கனமீட்டர். உலை இருந்த ஒகுமா, ஃபுதபா ஊர்களிலேயே அதைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். 2045-க்குள் மாகாணத்துக்கு வெளியே கொண்டுபோய்விட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்த உலையின் மின்சாரம் போனது டோக்கியோ பக்கத்துக்கு. ஆனால் கதிரியக்கம் குறைந்த மண்ணைக் கொஞ்சம் எடுத்து டோக்கியோவின் ஷின்ஜுகு பூங்காவில் போட்டுப் பார்க்கலாம் என்று அரசு சொன்னபோது, அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் அபார்ட்மென்ட் பக்கத்துப் பூங்கா என்றால் எதிர்ப்பு மனுவில் முதல் கையெழுத்து என்னுடையதாக இருந்திருக்கும். எனக்குக் குழந்தை இருக்கிறது என்று காரணமும் சொல்லியிருப்பேன். ஒகுமாவிலும் குழந்தைகள் இருந்தார்கள்.

அந்தப் படம் எனக்கு ஏன் அவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று இப்போது புரிகிறது. பூ எடுத்துக்கொண்டால் மனிதர் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மன்னிப்பு என்று நான் எழுதியது உண்மையில் கைகழுவல்.

ஃபேஸ்புக் வருஷாவருஷம் அந்தப் படத்தை நினைவூட்டும். போன ஆகஸ்டில் அதன் கீழே ஒரு வரி சேர்த்தேன்: ‘2000-ல் 1 பங்கு. மீதி ஒகுமாவிலும் ஃபுதபாவிலும்.’ ஒருத்தரும் லைக் போடவில்லை.