மெலிந்தவருக்குச் சன்மானம்

உடலின் நிறையைக் குறைத்தவருக்குப் பணம் கொடுத்தால் அதில் தவறு யாது? இக்கேள்வி வேடிக்கைக்காகக் கேட்கப்படுவதன்று. ஐக்கிய அமெரிக்காவில் தொழில் கொடுப்போரும் காப்புறுதி நிறுவனத்தாரும் இதனைத் தாமே கேட்டு, தவறில்லை என்ற விடையையும் தாமே கூறிக்கொண்டு, செயலிலும் இறங்கிவிட்டனர். பிறநாடுகளும் அவர்களைப் பின்பற்ற முனைகின்றன. ஆதலின் இதனை நாம் ஆராய்ந்து பார்த்தல் வேண்டும்.

அறவுரையாளர் சிலர் உடனே ஓர் ஆட்சேபத்தை எழுப்புவர். நற்பழக்கம் அதன் பொருட்டே கைக்கொள்ளப்படவேண்டும். காசுக்காக நடை பயில்பவன் ஒழுக்கமுடையவன் ஆகான் என்பர். இதனை நாம் பெரிதாக மதிக்கவில்லை. கூலிக்காக அறுக்கப்பட்ட நெல் பசியை ஆற்றாமற் போவதில்லை. பணம் தொட்டதெல்லாம் தீட்டு என்பது, பணத்துக்குத் தட்டுப்பாடில்லாதவர்க்கே பெரும்பாலும் கைகூடும் தத்துவமாகும்.

பணம் பலிக்கிறதா எனின், சில காலம் பலிக்கவே செய்கின்றது. 2008 ஆம் ஆண்டில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டனர். மிகுந்த உடற்பருமனுள்ள 57 பேரை மூன்று பிரிவாக்கி, கிழமைக்கு ஓர் இறாத்தல் வீதம் 16 கிழமைகள் குறைக்கவேண்டும் என்று இலக்கு வகுத்தனர். ஒரு பிரிவினருக்கு லொத்தர்ப் பரிசு. இன்னொரு பிரிவினர் தம் கைப்பணத்தை முன்கூட்டிக் கட்டி, வென்றால் மேலதிகத் தொகையுடன் அதனைப் பெறுவர், தவறினால் இழப்பர். மூன்றாம் பிரிவினருக்குப் பணம் எதுவுமில்லை. இவர்கள் சராசரி 4 இறாத்தல் வரையிற் குறைந்தனர். லொத்தர்க்காரர் 13, பணங் கட்டியோர் 14. ஆயின் பரிசு நின்றபின், ஏழாம் மாதத்தில் மீண்டும் நிறுத்தபொழுது, இழந்த நிறையில் ஒரு பகுதி திரும்பியிருந்தது. பிரிவுகளிடையே உறுதியாகக் கூறத்தக்க வேற்றுமையும் எஞ்சவில்லை. மன உறுதி தளர்ந்தது என்று சிலர் இதற்கு விளக்கம் கூறலாம். அம்மனிதர் அதே வேலைக்கும், அதே கடைத்தெருவுக்கும், அதே உணவு மேசைக்கும் திரும்பினர் என்பதையே நாம் காண்கின்றோம்.

இதுவரை நாம் கூறியது விரும்பிச் சேர்ந்தவரைப் பற்றியது. தன் கையைத் தானே கட்டிக்கொள்பவனோடு நமக்கு வழக்கில்லை. ஆனால் தொழில் கொடுப்போன் பரிசளிக்கும்பொழுது, அப்பணம் எங்கிருந்து வருகின்றது?

அமெரிக்காவில் வைத்தியச் செலவுக்கான காப்புறுதியைப் பெருந்தொகையானோர் தம் தொழில் வழியாகவே பெறுகின்றனர். 2010 ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டம், குறித்த நிறை, குருதியமுக்கம் முதலிய இலக்குகளை எட்டுவோருக்கு அக்காப்புறுதிச் செலவில் 30 சதவீதம் வரை சலுகை அளிக்க 2014 முதல் இடமளித்தது. எட்டாதவர்க்கு மாற்றுவழி ஒன்று காட்டவேண்டும் என்ற விதியும் உண்டு. அம்மாற்றுவழி வேலைக்கு மேல் இன்னொரு வேலை. சலுகை என்ற சொல் இனிமையானது. ஆயினும் மெலிந்தவர் குறைவாகக் கட்டுகையில் பருத்தவர் கூடுதலாகக் கட்டுகிறார். ஒருவர் பெறும் சன்மானம் மற்றவர் செலுத்தும் தண்டம்.

இதன் உண்மைச் சொரூபம் மேற்கு வேர்ஜீனியாவில் வெளிப்பட்டது. நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் தொழிற்சங்கப் போராட்டங்களுக்கும் பெயர்பெற்ற அம்மாநிலத்தில், ஆசிரியரின் சராசரிச் சம்பளம் 50 மாநிலங்களுள் 48 ஆம் இடத்தில் இருந்தது. அத்தகையோரிடம், கைத்தொலைபேசிச் செயலி ஒன்றிற் சேர்ந்து நாளாந்தம் நடந்த அடிகளையும் உடல்நல விவரங்களையும் பதிந்து புள்ளி சேர்க்கவேண்டும், சேர்க்காதவர் மாதம் 25 டொலர் மேலதிகமாகச் செலுத்தவேண்டும் என்று அரச ஊழியர் காப்புறுதித் திட்டம் கூறியது. நாள் முழுதும் வகுப்பில் நின்று கற்பிப்பவரிடம் போதிய அளவு நடந்தீரா என்று கேட்ட துணிவை என்னென்பது! 2018 பெப்ரவரி 22 ஆந் திகதி, 55 மாவட்டங்களின் ஆசிரியரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சம்பளமும் காப்புறுதிக் கட்டணமும் முதன்மையான காரணங்கள். அச்செயலி தந்த அவமானமும் அவற்றோடு சேர்ந்திருந்தது. ஒன்பது பாடசாலை நாட்கள் கழிந்தபின் 5 சதவீதச் சம்பள உயர்வோடு போராட்டம் முடிந்தது. செயலியைக் கட்டாயமாக்கும் திட்டமும் அவ்வாண்டிலேயே கைவிடப்பட்டது.

தராசு கூலியைத் தீர்மானிப்பதன் பொருளை நம் மலையகத் தொழிலாளருக்கு எவரும் எடுத்துரைக்கவேண்டியதில்லை. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். அங்கே நிறுக்கப்படுவது கொழுந்து. இங்கோ தொழிலாளியே தட்டில் ஏறவேண்டியவராகின்றார்.

விரும்பினாற் சேரலாம், கட்டாயமில்லை என்பது இத்திட்டங்களின் வழக்கமான சமாதானம். உடல்நல விவரங்களைக் கொடாதவர் 30 சதவீதம் வரை இழப்பினும் அஃது அவரது விருப்பமே என்று கொண்ட விதியொன்றை, வயோதிபர் சங்கம் ஒன்று நீதிமன்றுக்குக் கொண்டுசென்றது. எந்த ஆதாரத்தால் அதனை விருப்பம் என்கிறீர் என்று வாஷிங்டன் நீதிமன்றம் 2017 இல் வினவியது. விதியை வகுத்த ஆணைக்குழுவிடம் தக்க விடையில்லை. 2019 சனவரி முதல் அப்பகுதி இரத்தாயிற்று. இதே கேள்வியை எந்தக் கடைச் சிற்றூழியரும் சட்டம் படியாமலே கேட்டிருப்பார்.

2019 இல் வெளியான இன்னோர் ஆய்வு பெரிய வியாபார நிறுவனமொன்றின் ஏறக்குறைய 33,000 ஊழியரைப் பற்றியது. சில கிளைகளில் மட்டும் இத்தகைய சுகவாழ்வுத் திட்டம் 18 மாதம் நடத்தப்பட்டது. அங்கிருந்தோர் தாம் கூடுதலாக உடற்பயிற்சி செய்வதாகக் கூறினர். ஆனால் நிறையிலோ, குருதியமுக்கத்திலோ, வைத்தியச் செலவிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை.

பணமே கூடாதென்று நாம் கூறவில்லை. மசாசுசெற்ஸ் மாநிலத்தின் ஹாம்ப்டன் மாவட்டத்தில் 2011 இல் வேறொரு முறை பரீட்சிக்கப்பட்டது. அரசின் உணவுதவி பெற்ற குடும்பங்களுள் 7,500 ஐ எழுமாற்றாகத் தெரிந்து, பழத்துக்கும் மரக்கறிக்கும் அவர்கள் செலவிட்ட ஒவ்வொரு டொலருக்கும் 30 சதத்தை அவர்கள் கணக்கில் மீள இட்டனர். அவர்கள் ஏனையோரிலும் நாலில் ஒரு பங்கு கூடுதலாக அவ்வகைப் பழமும் மரக்கறியும் உண்டனர். இதுவும் பண ஊக்கமே. ஆயினும் இங்கு எவரும் மெலிந்து காட்டவேண்டியிருக்கவில்லை. தவறியவர் என்று எவரும் தண்டம் கட்டவுமில்லை. குறைந்தது கீரையின் விலை. அப்பரீட்சை 2012 இல் முடிவுற்றது. 2014 ஆம் ஆண்டின் விவசாயச் சட்டம் அதையொத்த முயற்சிகளுக்கு நாடெங்கும் பணம் ஒதுக்கியது.