தொட்டிச் செடியின் தாகம்

நாற்றுப் பண்ணைக்குள் நுழைந்ததும் நம் கண்கள்தாம் முதலில் பேரம் பேசத் தொடங்குகின்றன. எது மிகுதியாகப் பூத்திருக்கிறது, எதன் இலையில் மஞ்சளும் சிவப்பும் கலந்தோடுகின்றன, எது நம் வாயிலுக்கு எடுப்பாக இருக்கும் என்றே தேடுகிறோம். அச்செடிக்கு எவ்வளவு வெயில் வேண்டும், அதன் வேர் எவ்வளவு இடம் கேட்கும் என வினவி வாங்குவோர் சிலரே. அழகை விரும்புவது குற்றமாகாது. ஆயினும் அழகுக்காக ஓர் உயிரைத் தேர்ந்துகொள்ளும்போது, அத்தேர்வோடு கடமை ஒன்றும் நம் கைக்கு வந்து சேர்கிறதா? இதுவே இங்கு நாம் எண்ணிப் பார்க்க விழையும் வினா.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டு வாயிலுக்கென அகன்ற சிமெண்டுத் தொட்டி ஒன்றை வாங்கினோம். நடுவில் உயரமாக ஒரு குரோட்டன்ஸ், அதைச் சூழச் சோற்றுக் கற்றாழை, விளிம்பில் வழிந்து தொங்கும்படி பெரணி என நட்டு வைத்தோம். முதல் மாதம் வந்தவரெல்லாம் நின்று பார்த்துப் பாராட்டிச் சென்றனர். பெரணியோ நிழலையும் ஈரத்தையும் நாடுவது. கற்றாழை தன் சதைப்பற்றான இலையில் நீரைச் சேமித்துக்கொண்டு காய்ந்த மண்ணில் வாழ்வது. பெரணி வாடாதிருக்க நாள்தோறும் ஊற்றிய நீரால் கற்றாழையின் வேர் அழுகியது. அது கண்டு நீரைக் குறைத்தோம், பெரணி கருகியது. எல்லாவற்றுக்கும் சமமாகத்தானே ஊற்றினோம் என்று சொல்லித் தப்ப இயலவில்லை. ஒரே அளவாகக் கொடுப்பது வேறு, அதனதற்கு வேண்டியதைக் கொடுப்பது வேறு என்பதை அத்தொட்டி எங்களுக்குக் கற்பித்தது. நடும்போது நிறப்பொருத்தம் பார்த்தோமேயொழிய, அவை ஒன்றாக வாழ முடியுமா என்று பார்த்தோமில்லை.

தரையில் நிற்கும் செடிக்கும் தொட்டியில் நிற்கும் செடிக்கும் உள்ள வேறுபாடு பெரிது. மேல்மண் காய்ந்தால் தரைச்செடி தன் வேரை ஆழத்துக்கு அனுப்பும். தொட்டிச் செடியின் வேரோ சுவரில் முட்டித் திரும்பி, தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. மண்தொட்டியின் நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேறிவிடுவதால், கோடையில் ஒரு நாள் மறந்தாலும் இலைகள் தொங்கிப் போகின்றன. நெகிழித் தொட்டியில் ஈரம் தங்கும். ஆனால் அடியில் துளை இல்லையேல் வேர் மூச்சுத் திணறி அழுகும். நீரைத் தேடிச் செல்லும் உரிமையை அதனிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டோம். அதனால் அதன் தாகம் நம் பொறுப்பாகிவிட்டது. ஒரு மே மாதத்தில் பத்து நாள் வெளியூர் சென்று திரும்பினோம். தெருவோர வேம்பு பசுமை மாறாமல் நின்றது. எங்கள் மாடித் தொட்டியில் செம்பருத்தி விறகாகியிருந்தது. வேம்பு எங்களை நம்பி வாழவில்லை. செம்பருத்திக்கோ எங்களை விட்டால் வேறு வழியில்லை.

‘செடிதானே! வாடினால் வேறொன்று வாங்கினால் ஆயிற்று’ எனச் சிலர் கூறலாம். செடி துன்பத்தை உணருமா என்பதை அறிவியலார் ஆராயட்டும். நம்மைச் சுடவேண்டிய கேள்வி நம் உள்ளத்தின் பழக்கத்தைப் பற்றியது. பூத்திருக்கும் வரை வாயிலில், பூ உதிர்ந்தால் குப்பைமேட்டில் என்று பழகிவிட்ட கை, பயன் குன்றிய மனிதரிடம் மட்டும் வேறுவிதமாக நடந்துகொள்ளுமா?

நம் தேர்வின் விளைவு சுற்றுச்சுவரோடு நின்றுவிடுவதும் இல்லை. அமெரிக்க நாடுகளுக்குரிய உண்ணிச்செடி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாகவே நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் அது புதராய் மண்டி, மானும் யானையும் மேயும் புல்லை வளரவிடாது தடுக்கிறது. தென் அமெரிக்காவின் ஆகாயத்தாமரையும் தன் ஊதாப் பூவின் அழகால்தான் நாடு விட்டு நாடு சென்றது. இன்று நம் ஏரிகளை மூடிக் கிடக்கிறது. செடிகள்மீது குற்றமில்லை. கொண்டுவந்தவர்களின் கண் பூவைக் கண்டது. பூவுக்கு அப்பால் காணவில்லை. அவ்வளவு தொலைவு போவானேன்? தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீர் ஒரு வாரம், பத்து நாள் மாற்றப்படாமல் கிடந்தால் போதும். டெங்குவைப் பரப்பும் கொசு அதில் பிறந்து அண்டை வீட்டுக் குழந்தையைத் தேடிச் செல்லும்.

அப்படியாயின் தொட்டிச் செடியே வைக்கலாகாதா? தாராளமாக வைக்கலாம். மண்ணே இல்லாத அடுக்ககத்தில் வாழ்வோருக்கு அதுவே தோட்டம். வெயில் காயும் மாடிக்குக் காகிதப்பூவையும் இட்லிப்பூவையும் தேர்வோம். நிழலுக்குப் பெரணியை வைப்போம். ஒரே அளவு தாகம் உடையவற்றை ஒரே தொட்டியில் சேர்ப்போம். தவழும் குழந்தை உள்ள வீட்டில், வேர்முதல் பூவரை நஞ்சான அரளியைத் தவிர்ப்போம். ஓரிரு ஆண்டுக்கொரு முறை, சுருண்ட வேரைச் சீர்செய்து புதுமண் இடுவோம். இவை தோட்டக்கலைக் குறிப்புகள் மட்டுமல்ல. பிறிதோர் உயிரின் தேவையைக் கேட்டறியும் பயிற்சியுமாகும்.

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியை நாம் கொடைக்காகவே போற்றுகிறோம். இன்னொன்றையும் கருதலாம். அழகிய கொடி என்று அதைப் பெயர்த்தெடுத்துத் தன் முற்றத்திற்குக் கொண்டு செல்லவில்லை அவன். அது படர வகையின்றி வாடிய இடத்திலேயே, அதற்கு வேண்டியது ஒரு பற்றுக்கோடு எனக் கண்டு, தன்னிடம் இருந்ததைக் கொடுத்துவிட்டு நடந்தான்.

நம்மிடம் தேர் இல்லை. கேட்பதற்கு ஒரு கேள்வி உண்டு. ‘இது நம் வாயிலுக்குப் பொருந்துமா?’ என்பதற்கு முன்பு, ‘இது நம்மிடம் வாழுமா?’ என்று கேட்டுப் பழகுவோம். எங்கள் சிமெண்டுத் தொட்டியில் இப்போது, அன்று பிழைத்த ஒரு கற்றாழைக் கன்றின் வழிவந்தவை மட்டுமே உள்ளன. நின்று பார்ப்பவர் குறைவு. ஆனால் ஆண்டுதோறும் பக்கக் கன்று விடுகின்றன. கேட்பவர்க்கு ஒன்றிரண்டு பெயர்த்துக் கொடுக்கிறோம். கொடுக்குமுன், எங்கே வைப்பீர்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.