சிட்னி ஓபரா ஹவுஸை விடாமல் கேட்டவர்

சிட்னி ஓபரா ஹவுஸ் என்றதும் அதை வடிவமைத்த டென்மார்க் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சன்தான் நினைவுக்கு வருவார். ஆனால் அப்படி ஓர் அரங்கம் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் ஓயாமல் குரல் கொடுத்தவர் ஓர் இசைக்கலைஞர்: யூஜின் கூசென்ஸ்.

இசை அவருக்குக் குலத்தொழில். 1893இல் லண்டனில் பிறந்தார். பெல்ஜியத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம். தாத்தா, அப்பா இருவரும் அதே பெயர் கொண்ட இசை நடத்துநர்கள். தம்பி லியோன் ஓபோ வாத்தியத்தில் மேதை. தங்கைகள் இருவர் ஹார்ப் கலைஞர்கள். யூஜின் வயலினில் தொடங்கி, நடத்துநர் தாமஸ் பீச்சமின் உதவியாளராக இருந்து தானும் நடத்துநர் ஆனார்.

1921இல் இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'தி ரைட் ஆஃப் ஸ்பிரிங்' படைப்பை லண்டனில் முதன்முறையாகக் கச்சேரி மேடையில் நடத்தினார். ஆதி தாளம்போல எண்ணிக்கை மாறாமல் சுழன்று வரும் இசையல்ல அது. பல இடங்களில் ஆவர்த்தனத்துக்கு ஆவர்த்தனம் எண்ணிக்கை மாறும். அத்தனை வாத்தியக்காரர்களுக்கும் அடுத்த அடி எங்கே விழும் என்று ஒற்றைக் கை காட்டியாக வேண்டும். அந்தக் கை கூசென்ஸுடையது.

பிறகு அமெரிக்கா. ரோச்செஸ்டரை அடுத்து, 1931 முதல் 1946 வரை சின்சினாட்டி ஆர்கெஸ்ட்ராவின் நடத்துநர். போர்க்காலத்தில் ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால் வாசிக்கச் சிறு முழக்க இசைகளை எழுதித் தரும்படி அந்நாட்டு இசையமைப்பாளர்களைக் கேட்டார். ஆரன் கோப்லாண்டின் 'ஃபேன்ஃபேர் ஃபார் தி காமன் மேன்' அப்படிப் பிறந்ததுதான்.

1947இல் சிட்னி சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவின் தலைமை நடத்துநர், மாநில இசைக் கல்லூரியின் இயக்குநர் என்று இரு பொறுப்புகள் அவரிடம் வந்தன. கச்சேரிகள் நடந்தது நகர மண்டபத்தில். ஓபராவுக்கு வாத்தியக் குழு அமர மேடைக்கு முன்னால் பள்ளம் வேண்டும். காட்சி மாற்றப் பின்புறம் இடம் வேண்டும். அந்த வசதி அங்கே இல்லை. அவர் இயற்றிய 'ஜூடித்' ஓபராவை 1951இல் கல்லூரியின் அரங்கிலேயே மேடையேற்றினார்கள். பின்னாளில் ஓபரா உலகை ஆண்ட பாடகி ஜோன் சதர்லேண்டின் முதல் ஓபரா மேடை அதுதான்.

புதிய அரங்கத்துக்கு, டிராம் பணிமனை நின்றிருந்த பெனலாங் முனையையே கூசென்ஸ் சுட்டிக்காட்டினார். மாநில முதல்வர் ஜோசப் கேஹில் செவிசாய்த்தார். 1955இல் இடம் முடிவானது. அதே ஆண்டு கூசென்ஸுக்கு 'சர்' பட்டமும் வந்தது.

மறு ஆண்டு மார்ச்சில் சரிவு. விமான நிலையத்தில் தடைசெய்யப்பட்ட ஆபாசப் படங்கள் அவர் பெட்டியில் பிடிபட்டன. நூறு பவுண்டு அபராதம், பதவிகள் போயின. மே மாதம் வேறு பெயரில் விமானம் ஏறினார். 1962இல், ஓபரா ஹவுஸின் கூரை எழும்புவதற்கு முன்பே, இங்கிலாந்தில் காலமானார். அரங்கம் 1973இல் திறக்கப்பட்டது.

ஒரு தவறுக்கு அந்த நகரம் விதித்த தண்டனை அளவுக்கு மீறியது. அவர் செய்த வேலையோ நிலைத்து நிற்கிறது. தம்பிக்காக 1927இல் எழுதிய ஓபோ கான்செர்ட்டோ உட்பட அவர் படைப்புகளை அந்த அரங்கில் அடிக்கடி ஒலிக்கச் செய்வதே சிட்னி அவருக்குச் செலுத்த வேண்டிய கடன்.