நந்தி திருப்பிக் கேட்பதில்லை

பிரதோஷத்தன்று எந்தச் சிவன் கோயிலுக்குப் போனாலும் பார்க்கலாம். அபிஷேகம் முடிந்து கூட்டம் கலையும் நேரத்தில், நந்தியின் ஒரு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மறு காதில் ஒரு பெண் எதையோ முணுமுணுப்பார். எண்ணெய் ஏறிப் பளபளக்கும் கருங்கல் காது அது. பின்னால் நிற்பவருக்கு ஒரு சொல்லும் விழாது. அரை நிமிடம் கழித்து நிமிரும்போது அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருக்கும்.

நந்தி யாரிடமும் போய்ச் சொல்லாது. அது பெரிய வசதி. ஆனால் திருப்பி ஒரு கேள்வியும் கேட்காது. ‘போன வருஷமும் இதையேதானே சொன்னாய்?’ என்று அது ஒரு தடவை கேட்டிருந்தால் பலருடைய வாழ்க்கை வேறு பக்கம் திரும்பியிருக்கும்.

தன்னைத் தான் அறிய இன்னொரு ஆள் எதற்கு? உள்முகமாகத் திரும்பினால் போதாதா? ‘நான் யார்’ என்ற விசாரணைக்கே பெயர்போன ரமண மகரிஷியின் கதை இங்கே சுவையானது. 1902-ல் திருவண்ணாமலை விரூபாட்ச குகைக்கு வருவாய்த் துறை ஊழியரான சிவப்பிரகாசம் பிள்ளை வந்தார். ரமணர் அப்போது பேசுவதில்லை, வயது இருபத்திரண்டு. பிள்ளை கேட்கக் கேட்க, அவர் பதில்களை எழுதிக் காட்டினார். அந்தக் கேள்வி பதில்கள்தான் பிறகு ‘நான் யார்?’ என்ற சிறு நூலாயின. தனியே உள்ளே போகச் சொல்லும் நூல்கூட, இருவர் எதிரெதிரே உட்கார்ந்ததால் பிறந்தது.

கத்தோலிக்கத் திருச்சபை இதைச் சட்டமாகவே ஆக்கியது. ஆண்டுக்கு ஒரு முறையாவது குருவிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று 1215-ல் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. அந்த விதிப்படி, கேட்ட ரகசியத்தை வெளியிடும் குருவுக்குப் பதவி பறிபோகும். மடத்தில் ஆயுள் முழுக்கத் தவம். தமிழில் அச்சேறிய முதல் சில நூல்களில் ஒன்று, அண்டிரிக் அடிகளார் 1580-ல் கொண்டுவந்த பாவசங்கீர்த்தனக் கையேடுதான். ஆனால் அந்தப் பாவசங்கீர்த்தனக் கூண்டில் கேட்பவர் தீர்ப்பும் சொல்கிறார். என்ன செய்தாய் என்பது அங்கே பேச்சு. அதைச் செய்கிற நீ யார் என்பதற்கு நேரம் குறைவு.

அந்தத் தீர்ப்பை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸின் வாழ்நாள் கேள்வி ஏறக்குறைய இதுதான். அவர் கிறிஸ்தவப் போதகராகப் போகவிருந்தவர். 1924-ல் நியூயார்க்கின் யூனியன் இறையியல் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே சில மாணவர்கள், ஆசிரியரே இல்லாத, தங்கள் கேள்விகள் மட்டுமே பாடமாக இருக்கும் ஒரு வகுப்பு வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். கேள்விகளைத் துருவிப் பார்த்ததில் பலர் இறைப்பணியை விட்டே விலகினார்கள். ரோஜர்ஸும் எதிர்ச்சாரியில் இருந்த ஆசிரியர் கல்லூரிக்குச் சாலையைத் தாண்டிப் போனார், உளவியல் படிக்க. 1957-ல் அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரம் எளிமையானது: கேட்பவர் உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாமல் இருக்க வேண்டும், நிபந்தனையில்லாமல் மதிக்க வேண்டும், எதிரில் இருப்பவர் உலகை அவர் கண்ணாலேயே பார்க்க முயல வேண்டும். அறிவுரை அந்தப் பட்டியலில் இல்லை. நம் ஊரில் கவுன்சலிங் என்றாலே புத்திமதி என்று நினைப்பவர்கள் கவனிக்க.

அதே 1957 ஏப்ரல் 18 அன்று, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ரோஜர்ஸும் யூதத் தத்துவவாதி மார்ட்டின் பூபரும் ஒரே மேடையில் உட்கார்ந்தார்கள். பூபருக்கு இந்த விஷயம் வெறும் தத்துவம் இல்லை. 1914 ஜூலையில், முதல் உலகப் போர் மூளவிருந்த நாட்களில், ஓர் இளைஞன் அவரைப் பார்க்க வந்தான். அன்று காலை பூபர் பக்திப் பரவசத்தில் மூழ்கியிருந்தார். இளைஞனிடம் அன்பாகத்தான் பேசினார். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். அவன் கேட்காமல் வைத்திருந்த கேள்வியை மட்டும் அவர் ஊகிக்கவில்லை. அவன் போரில் மாண்ட செய்தி பிறகு வந்தது. பொழுது போகாமல் வந்தவனில்லை, வாழ்வா சாவா என்ற நிலையில் வந்தவன் என்பது அப்போதுதான் புரிந்தது. எதிரே இருக்கும் மனிதனை மறக்கவைக்கும் பரவசம் தனக்கு வேண்டாம் என்று பூபர் திரும்பிய இடம் அது. 1923-ல் ‘நானும் நீயும்’ நூலை எழுதியதும் இந்தப் பாதையில்தான்.

மேடையில் அவர் ரோஜர்ஸை விடவில்லை. சிகிச்சை பெறுபவர் உதவி தேடி உங்களிடம் வருகிறார், நீங்கள் அவரிடம் போவதில்லை. இது எப்படிச் சமமான உறவாகும் என்று மடக்கினார். அந்த நேரத்தில் இரண்டு மனிதர்களாகவே சந்திக்கிறோம் என்றார் ரோஜர்ஸ். பூபர் ஒத்துக்கொள்ளவில்லை.

பூபர் சொன்னது சரி. ஆனால் அந்தச் சமமின்மைதான் இந்த ஏற்பாட்டின் பலம் என்றும் தோன்றுகிறது. காசு வாங்கிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து ஐம்பது நிமிடம் கேட்பது என்ன கேட்பது என்று சலித்துக்கொள்கிறோம். அத்தையிடம் இலவசமாகச் சொன்னது அடுத்த கல்யாணப் பந்தியில் நம்மைத் தேடி வருமே! சிகிச்சை அறையில் சொல்பவர் பதிலுக்குக் கேட்பவரின் மனம் கோணாமல் நடக்க வேண்டியதில்லை. நல்ல பிள்ளை என்று பெயரெடுக்க வேண்டியதில்லை. வீட்டில் இருபது வருஷமாகப் போட்ட வேஷத்தைக் கழற்றிப் பார்க்க அப்படி ஓர் இடம் வேண்டியிருக்கிறது.

பலன் உண்டா என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 1977-ல் மேரி ஸ்மித், ஜீன் கிளாஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் உளவியல் சிகிச்சை பற்றிய ஏறத்தாழ 375 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சிகிச்சை பெற்ற சராசரி மனிதர், பெறாதவர்களில் 75 சதவீதம் பேரைவிட நல்ல நிலையில் இருந்தார். எந்த முறை என்பதில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. முறைகளின் பெயரால் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது கசப்பான முடிவு.

பூபரின் கேள்விக்கு ரோஜர்ஸின் வாழ்க்கையிலேயே ஒரு துணைக்கதை உண்டு. சிகாகோவில் இருந்தபோது, மனம் மிகவும் சிதைந்திருந்த ஒரு பெண்ணுக்கு நீண்டகாலம் சிகிச்சை அளித்துவந்தார். ஒரு கட்டத்தில் அவர் யார், தான் யார் என்ற கோடே அழிந்துபோனது. எல்லாவற்றையும் போட்டுவிட்டு, மனைவியை அழைத்துக்கொண்டு ஊரைவிட்டே கிளம்பிவிட்டார். சில மாதங்கள் கழித்துத் திரும்பியவர், தன் குழுவிலேயே இருந்த ஒருவரிடம் போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். தன்னைத் தனக்கே பிடிக்கத் தொடங்கியதும், அன்பு காட்டவும் பெறவும் இருந்த பயம் குறைந்ததும் அதற்குப் பிறகுதான் என்று பின்னாளில் எழுதினார். நீங்கள் அவரிடம் போவதில்லை என்று பூபர் சொன்னபோது, அது நடந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.