முறுமுறுப்பும் மன்றாட்டும்

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றிவரும் பாதை 14 கிலோமீட்டர். வழியில் எட்டு லிங்கங்கள். இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசான்ய லிங்கத்தில் முடியும் அந்த வரிசையில் ஏழாவது குபேர லிங்கம். பௌர்ணமி இரவில் நடந்து களைத்து வரும் கூட்டம் மற்ற சந்நிதிகளில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடும். குபேரன் முன்னால் நெரிசல் லேசில் கலையாது. கடன் தீர வேண்டும், மகளுக்கு வரன் அமைய வேண்டும், கட்டத் தொடங்கிய வீடு பாதியில் நிற்கக் கூடாது. அங்கே கேட்கப்படுபவை பெரும்பாலும் இப்படிப்பட்டவைதான். இதை ஏளனம் செய்வது எளிது. ஏளனம் செய்பவருக்கு அநேகமாகக் கடன் இருக்காது.

அதே பாதையில் அக்கினி லிங்கத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரமணாசிரமம். 1896 செப்டம்பர் 1 அன்று 16 வயதுப் பையனாக இந்த ஊரில் வந்து இறங்கிய வேங்கடராமன், வழியில் கீழூரில் தன் கடுக்கனை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்திருந்தார். செலவு போகக் கையில் மிஞ்சிய மூன்றரை ரூபாயை வந்த அன்றே அய்யங்குளத்தில் எறிந்தார். பின்னாளில் ரமணர் ஆன அவரைத் தேடி வந்தவர்களிடம், வேதாந்தம் முழுவதும் பைபிளின் இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிடும் என்று அவர் சொல்வதுண்டு. ஒன்று, எரியும் முட்செடியின் நடுவிலிருந்து கடவுள் மோசேக்குச் சொன்ன தம் பெயர். யாத்திராகமம் மூன்றாம் அதிகாரத்தில் வருவது. மற்றது, சும்மா இருந்து அறிந்துகொள்ளச் சொல்லும் 46ஆம் சங்கீதத்தின் கட்டளை. மதுரையில் அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்தவருக்குப் பைபிள் புதிதில்லை.

கேட்பதற்கென்றே நடந்து வரும் ஆயிரமாயிரம் பேருக்கும், கேட்க ஒன்றுமில்லாமல் உட்கார்ந்துவிட்ட ஒருவருக்கும் ஒரே சாலை. போதும் என்ற மனம் ஒருவருக்கு வாய்த்துவிட்டால் பிறகு அவர் கடவுளிடம் எதையும் கேட்கலாமா? கேட்டால் மனம் நிறையவில்லை என்றுதானே ஆகும்? கேட்காமலே இருந்துவிடுவதுதான் உயர்ந்த ஜெபமா? சைவர்களை மட்டும் பார்த்துக் கேட்கிற கேள்வி இல்லை இது. டேனிஷ் மிஷன் வழிவந்த லுத்தரன் சபையார் இந்த ஊரில் உண்டு. அந்த மிஷனின் பெயரைத் தாங்கிய பள்ளியும் உண்டு. எந்தச் சபையைச் சேர்ந்தவரானாலும் சரி, குபேர லிங்கத்து நெரிசலைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிற கிறிஸ்தவர், டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புது வருடத்துக்கான வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை எடுக்கும்போது எந்த வசனத்தை எதிர்பார்த்துக் கை நீட்டுகிறார்? உபத்திரவத்தில் பொறுமையாயிருக்கச் சொல்லும் வசனம் வந்தால் அட்டை பைபிளுக்குள் போய்விடும். ஆசீர்வாத வசனம் வந்தால் அது சுவரேறும். நாளாகமத்தின் நீண்ட பெயர்ப் பட்டியலுக்கு நடுவே இரண்டே வசனங்களில் வந்துபோகிறவன் யாபேஸ். தன் எல்லையைப் பெரிதாக்கும்படி கேட்டான், கிடைத்தது. 2000இல் புரூஸ் வில்கின்சன் என்ற அமெரிக்கர் அதை வைத்து ஒரு சிறு நூல் எழுதினார். யாபேஸின் ஜெபம் உலகம் சுற்றியது. எல்லை பெரிதாவதைத்தான் குபேரனிடமும் கேட்கிறார்கள்.

தமிழ்ச் சபைகளில் யாராவது குறை சொல்லத் தொடங்கினால் பெரியவர்கள் உடனே எடுக்கும் ஆயுதம் ஒன்று உண்டு: ‘இஸ்ரவேலர் மாதிரி முறுமுறுக்காதே.’ வனாந்தரத்தில் நாற்பது வருடம் அலைந்த அந்தச் சனங்கள் பிரசங்க மேடைகளில் நன்றிகெட்டவர்களுக்கு நிரந்தர உதாரணம். கதையை வரிசையாகப் படித்தால் விஷயம் அவ்வளவு நேராக இல்லை. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து தப்பிக் கடலைக் கடந்த மூன்றாம் நாள் மாராவில் தண்ணீர் கசந்தது, முறுமுறுத்தார்கள், ஒரு மரத்தைப் போட்டதும் தண்ணீர் தித்தித்தது. சீன் வனாந்தரத்தில் பசித்தது, முறுமுறுத்தார்கள், மன்னா பெய்தது. ரெவிதீமில் தாகம், மறுபடி முறுமுறுப்பு, பாறை பிளந்து தண்ணீர் வந்தது. மூன்று முறை வாய் திறந்தார்கள், மூன்று முறையும் அடி விழவில்லை. தாகத்தில் கேட்ட தண்ணீரைக் கடவுள் குற்றக்கணக்கில் எழுதவில்லை.

அடி விழுந்தது பிறகு, எண்ணாகமம் பதினோராம் அதிகாரத்தில். அப்போது பசி இல்லை. மன்னா தினமும் கிடைத்தது. அதை அரைத்தும் இடித்தும், வேகவைத்தும் அடை சுட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாக்கு வேறொன்றைக் கேட்டது. எகிப்தில் செலவில்லாமல் தின்ற மீன், வெள்ளரி, கொம்மட்டி, கீரை, வெங்காயம், பூண்டு என்று பட்டியல் போட்டு அழுதார்கள். ‘செலவில்லாமல்’ என்ற சொல்தான் அந்தப் பட்டியலில் மிக மோசமானது. செங்கல் சூளையில் முதுகெலும்பு முறிய உழைத்ததும், பிறந்த ஆண் பிள்ளைகளை ஆற்றில் போடச் சொன்னதும் அந்த மீனின் விலையில் சேராதா? காடைகள் வந்து குவிந்தன. குறைவாகச் சேர்த்தவனே ஏறக்குறைய பத்துக் கழுதைச் சுமை சேர்த்தானாம். இறைச்சி பல்லில் இருக்கும்போதே வாதை வந்தது. கிப்ரோத் அத்தாவா, அதாவது இச்சையின் கல்லறைகள் என்று அந்த இடத்துக்குப் பெயராயிற்று. கேட்டதைக் கொடுத்தும் உயிர் மெலிந்துபோனதை 106ஆம் சங்கீதம் பிற்காலத்தில் நினைவுகூர்கிறது.

மன்னாவுக்கு ஆளுக்கு ஓர் ஓமர் என்று அளவு இருந்தது. சுமார் இரண்டு லிட்டர் படி என்று வைத்துக்கொள்ளலாம். அன்றைய பங்கை அன்றே தின்ன வேண்டும். மறுநாளைக்கு எடுத்து வைத்தவர்களின் பாத்திரத்தில் விடியும்போது புழு நெளிந்தது. ஓய்வுநாளுக்கு முந்தின தினம் மட்டும் இரண்டு பங்கு. கேள், ஆனால் இன்றைக்குரியதைக் கேள் என்கிற இந்த ஏற்பாட்டிலிருந்துதான், இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தில் அப்பம் ‘இன்றைக்கு’ என்ற அளவோடும் ‘எங்களுக்கு’ என்ற பன்மையோடும் வருகிறது. நீதிமொழிகளில் ஆகூர் என்ற, வேறெங்கும் தென்படாத மனிதர், தரித்திரமும் வேண்டாம் ஐசுவரியமும் வேண்டாம் என்று கேட்கிறார். அவர் சொல்லும் காரணம் கறாரானது: வயிறு நிறைந்தால் கடவுளை மறுதலித்துவிடுவேன், காய்ந்தால் திருடிவிடுவேன். தன்னை இவ்வளவு சந்தேகப்படுகிற ஒருவர் கேட்டதால்தான் அது போதுமென்கிற மனத்தின் ஜெபமாகிறது. அவரும் கேட்கத்தான் செய்தார். பொன் செய்யும் மருந்து என்று அந்த மனத்தைத் தமிழில் புகழ்வதுண்டு. ஆசை ஒழிந்ததைப் பாராட்டும்போதும் பொன்னை விட முடியாத நம் சாமர்த்தியத்தை என்ன சொல்ல!

இதோடு நிறுத்தினால் தீர்ப்பு எளிது: தேவைக்குக் கேட்கலாம், ஆசைக்குக் கேட்கக் கூடாது. ஆனால் எசேக்கியா குறுக்கே வருகிறார். யூதாவின் நல்ல ராஜாக்களில் ஒருவர். சாகும் நோய் வந்தது. வீட்டுக் காரியங்களை ஒழுங்குபடுத்திக்கொள், பிழைக்கமாட்டாய் என்று ஏசாயா தீர்க்கதரிசி சொல்லிவிட்டார். ராஜா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். ஏசாயா அரண்மனை முற்றத்தைக் கடப்பதற்குள் பதில் திரும்பியது: இன்னும் 15 வருடம். அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைத்தார்கள், எழுந்துவிட்டார். அவருக்குப்பின் அரியணை ஏறிய மகன் மனாசேக்கு அப்போது வயது 12. கணக்குப் பார்த்தால் அந்தக் கூடுதல் வருடங்களில் பிறந்த பிள்ளை. யூதாவின் அழிவுக்கு ராஜாக்களின் புத்தகம் பழிசொல்வது இந்த மனாசேயைத்தான். அதற்காக எசேக்கியா அழாமல் செத்திருக்க வேண்டும் என்று யார் சொல்வது? படுக்கையில் கிடப்பவர் உயிருக்கு மன்றாடும்போது பிறக்கப்போகும் பிள்ளையின் குணத்தையுமா விசாரித்துக்கொண்டிருப்பார்?

அவர் சறுக்கிய இடம் வேறு. குணமானதைக் கேள்விப்பட்டுப் பாபிலோனிலிருந்து தூதர்கள் வந்தார்கள். எசேக்கியா பெருமையோடு கருவூலம் முழுவதையும் திறந்து காட்டினார். இவையெல்லாம் ஒருநாள் பாபிலோனுக்குப் போகும், உன் வம்சத்துப் பிள்ளைகள் அந்த அரண்மனையில் அண்ணகராய் நிற்பார்கள் என்றார் ஏசாயா. தன் உயிருக்காகச் சுவரைப் பார்த்துக் கதறிய மனிதர் இப்போது அழவில்லை. தன் நாட்களில் சமாதானம் இருக்கும் என்பதால் அந்த வார்த்தை நல்லது என்று ஏற்றுக்கொண்டார். பார்வைக்கு இது பரிபூரண மனநிறைவு. கடவுளின் சித்தத்துக்கு முறுமுறுப்பில்லாத பணிவு. பழைய ஏற்பாட்டில் இவ்வளவு கூசவைக்கும் ‘போதும்’ வேறொன்று இல்லை. தன் வலிக்கு மன்றாடத் தெரிந்தவருக்குப் பேரப்பிள்ளைகளின் வலிக்கு மன்றாடத் தோன்றவில்லை. மலைச்சரிவுக் காடும் ஏரியும் நம் காலம்வரை தாங்கினால் சரி என்று நிம்மதியாகப் படுப்பவர்கள் எல்லோரும் எசேக்கியாவின் உறவினர்தான்.

போதும் என்ற சொல்லை ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வதும் அடுத்தவருக்காகச் சொல்வதும் ஒன்றாகிவிடாது. ரமணர் மெச்சிய அந்தப் பெயர் வரும் அதிகாரத்தையே எடுத்துக்கொள்வோம். பெயர் வருவது பதினான்காம் வசனத்தில். அதற்கு ஏழு வசனம் முன்னால் கடவுள் தாம் வந்த காரணத்தைச் சொல்கிறார்: ஆளோட்டிகளால் சனங்கள் இடுகிற கூக்குரல் காதில் விழுந்தது, அதனால் இறங்கி வந்தேன் என்று. ஞானிகள் தங்கி இளைப்பாறும் அந்தப் பெயர் அடிமைகளின் ஓலத்துக்குப் பதிலாக வந்தது. பதினான்காம் வசனத்தை மட்டும் தியான மண்டபத்துக்குள் எடுத்துச் சென்று ஏழாம் வசனத்தை வாசலில் விட்டுவிட முடியுமா? ரமணரைக் குறை சொல்வதற்காக இதைக் கேட்கவில்லை; அவர் யாரையும் ஏவிச் செங்கல் அறுக்கவைத்தவர் அல்லர். ஆனால் ‘சும்மா இரு’ என்பதை விரும்பிச் சொல்லும் வாய்கள் வேறும் உண்டு. முதலாவது பார்வோன். போய்ப் பலியிட விடு என்று மோசே கேட்டபோது, இவர்கள் சோம்பேறிகள், அதனால்தான் இப்படிக் கூவுகிறார்கள் என்றான் அவன். வைக்கோல் கொடுப்பதை நிறுத்தினான், செங்கல் கணக்கைக் குறைக்கவில்லை. இங்கே ஆர்க்காட்டுப் பகுதிகளில் மிஷன் சபைகளுக்கு வந்தவர்களில் பெரும்பகுதி சேரிகளிலிருந்து வந்தார்கள். பண்ணையாளாகப் படியளந்து வாங்கியவர்களிடம் போதுமென்கிற மனதைப் பற்றிப் பிரசங்கித்தவர், தான் ஏழாம் வசனத்தின் பக்கம் நிற்கிறாரா பார்வோன் பக்கம் நிற்கிறாரா என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. பௌர்ணமி முடிந்த விடியலில் கிரிவலப் பாதையில் கிடக்கும் அன்னதானத் தட்டுகளை வாரும் தூய்மைப் பணியாளர் கூலி உயர்வு கேட்டால், அது கிப்ரோத் அத்தாவாவின் காடை இல்லை, மாராவின் தண்ணீர்.

மௌனத்தையும் கூக்குரலையும் இந்த மலையிலேயே சேர்த்துச் சுமந்த ஒருவர் இருந்தார். பிரான்சிலிருந்து வந்த பெனடிக்டைன் துறவி ஆன்ரி லெ சோ, பின்னால் அபிஷிக்தானந்தர். 1949இல் தன் தோழர் மோன்ஷானின் அடிகளோடு ரமணரைக் காண வந்தார். 1952 முதல் பலமுறை திரும்பிவந்து அருணாசலக் குகைகளில் தங்கினார். அவருடைய துறவற விதிப்படி வாரத்துக்கு 150 சங்கீதங்களும் ஜெபிக்கப்பட வேண்டும். அந்த 150இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புகாரும் அழுகையும் எதுவரைக்கும் என்ற கேள்வியும்தான். பேச்சற்ற ஞானத்தைத் தேடி ஏறிவந்த மனிதரின் மனப்பாடத்தில் பாபிலோன் ஆற்றங்கரை அழுகையும் இருந்தது. அந்த இரண்டுக்கும் நடுவே அவர் கடைசிவரை சுலபமான சமாதானத்துக்கு வரவில்லை என்பதே அவருடைய நேர்மைக்குச் சான்று.

போதும் என்ற மனரம்மியத்தைப் பற்றிக் கிறிஸ்தவர்கள் அதிகம் எடுத்துக்காட்டுவது பவுல் சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தை. எந்த நிலையிலும் திருப்தியாயிருக்கக் கற்றுக்கொண்டதாக அதில் சொல்கிறார். ‘கற்றுக்கொண்டேன்’ என்பதைக் கவனிக்க வேண்டும். பிறவிக் குணம் என்று அவர் சொல்லவில்லை. அதே பத்தியில், எப்பாப்பிரோதீத்து கையில் அவர்கள் அனுப்பிய உதவி வந்து சேர்ந்தது என்று ரசீதும் எழுதிவிடுகிறார். தனக்கென்று எதுவும் கேட்கவில்லை என்று சொல்கிற இந்த மனிதர், எருசலேமின் ஏழைகளுக்காகக் கேட்கும்போது கூச்சத்தையெல்லாம் கழற்றி வைத்துவிடுகிறார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் இரண்டு அதிகாரம் முழுக்க வசூல்தான். மக்கெதோனியர் ஏழைகளாயிருந்தும் கொடுத்தார்கள் என்று ரோஷமூட்டுகிறார். அங்கேதான் மன்னாவும் திரும்ப வருகிறது: அதிகம் சேர்த்தவனுக்கு மிஞ்சவில்லை, கொஞ்சம் சேர்த்தவனுக்குக் குறையவில்லை என்ற பழைய கணக்கை அவர் எடுத்துச் சொல்வது, உள்ளதே போதும் என்று ஏழைகளைத் தேற்றுவதற்காக அன்று, வசதியுள்ளவர்களின் பையைத் திறப்பதற்காக. கொரிந்தியர் ஒரு வருடத்துக்கு முன்பே கொடுக்கிறோம் என்று சொல்லிவிட்டு இழுத்தடித்துக்கொண்டிருந்தார்கள். பவுல் தீத்துவையும் கூட இரண்டு சகோதரரையும் அனுப்பினார். பிறகு ரோமருக்கு எழுதும்போது, கொரிந்து அடங்கிய அகாயா நாட்டாரும் தங்கள் பங்கைக் கொடுத்துவிட்டதாகக் குறிப்பிடுகிறார்.