ஆவி கொன்றால் யாரைக் கேட்பது?

ஒரகடத்தில் நைட் ஷிஃப்ட் முடிந்து பென்னலூர் அறைக்குத் திரும்பும் கம்பெனி பஸ்ஸில்தான் சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ படித்து முடித்தேன். எல்லோரும் கொண்டாடும் நாவல். எனக்கு ஏமாற்றம். நடையில் குறையில்லை, வக்கீல் கணேஷின் உதவியாளன் வசந்த் வாயைத் திறந்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. முடிவுதான் உறுத்துகிறது. கொலைகளுக்குக் காரணம் விஞ்ஞானமா ஆவியா என்று கணேஷும் வசந்தும் ஆளுக்கொரு பக்கம் நிற்க, தீர்ப்பை நம் தலையில் கட்டிவிடுகிறார்.

கடவுள் உண்டா என்பதை அப்படி விடலாம். கொலையை விட முடியுமா? ஏதோ ஒரு கருவியை இயக்கி மனிதன் செய்த கொலை என்றால் கணக்குக் கேட்கலாம். ஆவியை எந்தக் கூண்டில் ஏற்றுவது? எங்கள் பிரஸ் ஷாப்பில் ஒருவனுக்கு விரல் போனால் ‘அவன் நேரம்’ என்பார்கள். சென்சாரைக் கழற்றி வைத்தது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

சிலப்பதிகாரம் இந்த இடத்தில் கெட்டி. கோவலன் முற்பிறப்பில் பரதனாக இருந்து, சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்லவைத்தான். கோவலன் கொலையுண்டது அந்த வினையால்தான் என்று மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு விளக்குகிறது. எப்போது? பாண்டியன் தன் தவறை ஒப்புக்கொண்டு உயிர்விட்ட பிறகு, மதுரை எரியும்போது. ஊழ் காரணமாக இருக்கலாம். அது அரசனுக்கு ஜாமீன் வாங்கித் தரவில்லை.

பின்னால் கொற்கைச் செழியன் கண்ணகிக்கு ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டதாகவும் இளங்கோ சொல்கிறார். கோவலன்மேல் பொய்ப்பழி சொன்ன பொற்கொல்லன் ஒருவன்தானே? அந்த இடத்தில் எனக்கு அவர்மேலும் கோபம்தான்.